வீட்டில் குரல் பதிவு: கர்நாடக இசைப் பாடகருக்கான கருவிகளும் மென்பொருள்களும்

குரலைப் பதிவு செய்யும் கருவிகள் எல்லாப் பாடகருக்கும் பொதுவானவையே என்றாலும், அவற்றுள் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பாடப்படும் இசையைப் பொறுத்தே அமைகிறது. திரையிசையில் பாடகர் ஏற்கெனவே பதிவான வாத்திய இசையின் மேல் வரிவரியாகப் பாடுவதால், அவர் குரலோடு சேர்ந்து பதிவாகும் சிறு இரைச்சலும் அறையின் எதிரொலியும் வாத்தியங்களின் அடியில் மறைந்துபோகும். கர்நாடக இசையில் ஆலாபனையின் தொடக்கத்தில் குரலையும் தம்புராவையும் தவிர வேறொன்றும் ஒலிப்பதில்லை. மந்திர ஸ்தாயியில் முணுமுணுப்பாக எழுந்த குரல் சில நிமிடங்களுக்குள் தார ஸ்தாயியில் முழு வீச்சோடு நிற்கிறது. இரண்டு சொற்றொடர்களுக்கு இடையிலான மௌனமும் கேட்பவருக்கு இசையின் பகுதியாகவே படுகிறது. 2020 டிசம்பரில் சென்னை இசை விழாவின் பெரும்பகுதி இணையத்துக்கு மாறிய பின்னர், வீட்டிலிருந்தபடியே தரமான பதிவைச் செய்து தருவது மேடைப் பாடகர்களிடமும் ஆசிரியர்களிடமும் எதிர்பார்க்கப்படும் திறமையாகிவிட்டது.

கடைக்குச் செல்பவருக்கு முதலில் காட்டப்படுவது மைக், அதற்கடுத்து இன்டர்ஃபேஸ், அறையைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை, ஏனெனில் அறை விற்பனைக்குரிய பொருள் அன்று. ஆனால் கையிலுள்ள பணத்தையும் உழைப்பையும் அறை, மைக், இன்டர்ஃபேஸ், ஹெட்போன், மென்பொருள் என்ற வரிசையில் செலவிடுவதே பாடகருக்கு நன்மை தரும் என்பதால் இவ்வத்தியாயமும் அதே வரிசையில் செல்கிறது.

அறை

நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவில், கான்கிரீட் கூரையும் சிமெண்டு பூசிய சுவர்களும் டைல்ஸ் தரையும் கொண்டதாக இருக்கிறது. இத்தகைய அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால், தட்டிய ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மாறி மாறி மோதி, உலோகத் தகடு அதிர்வது போன்ற ஒரு நடுக்கத்தோடு அடங்குவதைக் கேட்கலாம். கேட்கும் காது இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடப் பழகியிருக்கிறது. மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. பதிவோடு கலந்துவிட்ட அறையொலியைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது.

இதைவிட நுட்பமான தொல்லை கீழ் ஸ்வரங்களில் ஏற்படுகிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது; இரண்டு சுவர்களுக்கிடையேயுள்ள தொலைவு ஒரு குறிப்பிட்ட ஒலியின் அரை அலைநீளத்துக்கோ அதன் மடங்குகளுக்கோ சமமாக அமையும்போது அந்த ஒலி மட்டும் அறையில் தேங்கி வீங்குகிறது. இவ்வாறு அறையின் அளவே நிர்ணயிக்கும் அதிர்வெண்களை அறையின் ஒத்ததிர்வுகள் எனலாம். 12 அடி நீளத்துக்கு அவை 47, 94 ஹெர்ட்ஸ் என்றும், 10 அடி அகலத்துக்கு 56, 112 ஹெர்ட்ஸ் என்றும் தொடங்குகின்றன. கூரையும் 10 அடி உயரத்தில் இருந்துவிட்டால் பின்னவற்றின் வலு இரட்டிப்பாகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ் அளவிலும், மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ் அளவிலும், மந்திரச் சதுஸ்ருதி தைவதம் 110 ஹெர்ட்ஸ் அளவிலும் அமைவதால், அவர் கீழே இறங்கிப் பாடும் இடங்களில் சில ஸ்வரங்கள் மட்டும் காரணமின்றி முழங்குவதற்கு அவருடைய குரலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருப்பதால் இந்தத் தொல்லை அவருக்குச் சற்றுக் குறைவு.

இதற்குச் செலவில்லாத முதல் தீர்வு, உட்காரும் இடத்தை மாற்றுவதே. அறையின் நட்டநடுவையும் மூலைகளையும் தவிர்த்து, நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, முதுகுப்புறம் துணிகள் நிறைந்த திறந்த அலமாரியோ இலவம்பஞ்சு மெத்தையோ இருக்குமாறு அமர்வது நல்லது. மைக் தான் பார்க்கும் திசையிலிருந்து வரும் ஒலியையே மிகுதியாக வாங்குகிறது. அது பாடகரைப் பார்த்து நிற்பதால், பாடகருக்குப் பின்னாலுள்ள சுவரே அதன் பார்வையில் விழுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்கள் மைக்குக்குப் பின்னாலுள்ள சுவரில் மட்டும் நுரைப்பஞ்சை ஒட்டிவிட்டு நிறைவடைகின்றனர். ஒரு அங்குல நுரைப்பஞ்சு மேல் அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சக்கூடியது. அதை அறை முழுவதும் ஒட்டினால் சகாரங்கள் மழுங்கிப்போக, கீழ் ஸ்வரங்களின் முழக்கம் அப்படியே தங்கிவிடும். மரச்சட்டத்துக்குள் நான்கு அங்குலக் கனத்துக்குப் பாறைக்கம்பளியை நிரப்பி, பருத்தித் துணியால் மூடி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்திய பலகைகள் நான்கு இருந்தால் அவை ஏறத்தாழ நூறு ஹெர்ட்ஸ் வரை இறங்கி வேலை செய்யும். உள்ளூர்த் தச்சரைக் கொண்டே இவற்றைச் செய்துகொள்ளலாம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் ஒலிக்கு எந்தப் பயனும் தராததோடு, தீப்பிடிக்கும் ஆபத்தையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. தரையில் ஒரு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரிப்பது, சம்மணமிட்டுப் பாடுபவருக்குத் தரையிலிருந்து எழும்பும் எதிரொலியைக் குறைக்கும்.

வெளியிரைச்சலைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் தேவைப்படுவதால் வாடகை வீட்டில் அதை எதிர்பார்க்க இயலாது. ஆகவே நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. குக்கர் விசிலும் வாகன ஒலியும் அடங்கிய இரவும், பால்காரர் வருவதற்கு முந்தைய விடியற்காலையும் ஏற்றவை. சாதகம் செய்து பழகிய பாடகருக்கு விடியற்காலை புதிதுமன்று. குளிர்சாதனத்தை முக்கால் மணி நேரம் முன்பாகவே ஓடவிட்டு, பதிவைத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். மின்விசிறியை வேகம் குறைத்து ஓடவிடுவது போதாது: காற்றை வெட்டும் அதன் இறக்கைகள் குரலையும் சேர்த்து வெட்டுவதால் நீண்ட கார்வைகளில் மெல்லிய நடுக்கம் பதிவாகும், மின்னணு ரெகுலேட்டர் எழுப்பும் ரீங்காரமும் மின்கம்பிகளின் வழியே மைக் இணைப்புக்குள் புகக்கூடும்.

மைக்

மைக்குகளில் பாடகருக்குப் பயன்படுபவை இரண்டு வகை. மெல்லிய படலத்தோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைவதால் மின்னோட்டம் உண்டாகும் வகை டைனமிக் எனப்படும். உலோகம் பூசிய படலத்துக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே மின்னேற்றம் வைத்து, படலம் அசையும்போது ஏற்படும் மாற்றத்தை அளக்கும் வகை கண்டென்சர் எனப்படும். முன்னது முரட்டுத்தனமாகக் கையாளப்பட்டாலும் தாங்கும். பின்னது மூச்சின் ஓசையையும் பிருகாவின் ஒவ்வொரு அசைவையும் வாங்கித் தருவதோடு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் வாங்கித் தரும்.

கண்டென்சர் மைக் இயங்குவதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தம், குரல் வரும் அதே கேபிளின் வழியாக எதிர்த்திசையில் அனுப்பப்படுகிறது. இதற்குத் தனிக் கம்பி ஏதும் தேவைப்படாததால் ஃபேண்டம் பவர் என்று பெயர் பெற்றது. 48 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்குத் தன் புதிய டிரான்சிஸ்டர் மைக்கை வழங்கியபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்வசதி இருந்ததால் அதையே மைக்குக்கும் பயன்படுத்த ஏற்பாடாயிற்று. பின்னர் உலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆலாபனை பாடுபவர் ஒரு மைக்கின் விவரத்தாளில் முதலில் பார்க்க வேண்டியது அதன் சுய இரைச்சல், அதாவது முழு அமைதியிலும் மைக்கின் மின்சுற்று தானாகவே எழுப்பும் ஓசையின் அளவு. தொடக்கநிலையினர் விரும்பி வாங்கும் ஆடியோ–டெக்னிகா ஏ.டி. 2020இல் இது 20 டெசிபெல். ரோட் நிறுவனத்தின் என்.டி. 1 வரிசையில் 4 முதல் 5 டெசிபெல், நாய்மன் டி.எல்.எம். 103இல் 7 டெசிபெல். திரையிசைக்கு முன்னதே போதும். மந்திர ஸ்தாயியில் மெல்லப் பாடிய அகாரத்தைப் பின்னர் உயர்த்திக் கேட்கும்போது ‘ஸ்ஸ்’ என்ற திரை விழாமலிருக்க வேண்டுமானால் பின்னவற்றுள் ஒன்று வேண்டும். விலையையும் சேர்த்துப் பார்க்கையில், அமைதியான அறை வாய்த்த கர்நாடக இசைப் பாடகருக்கு என்.டி. 1 வரிசையைவிடப் பொருத்தமான முதல் மைக்கைச் சுட்டுவது கடினம். 1967இல் வெளிவந்து இன்றும் ஸ்டுடியோக்களின் அளவுகோலாக விளங்கும் நாய்மன் யூ 87ஐ வாங்க வசதியுள்ளவர்கள்கூட, அறையைச் சீர்படுத்திய பின்னரே அதை நினைப்பது நல்லது. சீர்படாத அறையில் அது அந்த அறையின் குறையைத்தான் அதிகத் தெளிவோடு பதிவு செய்யும்.

சாலையோர வீட்டில் வாழ்பவருக்குத் தீர்ப்பு மாறுகிறது. 1966 முதல் உலக மேடைகளில் புழங்கிவரும் ஷூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடையில் வைத்துப் பாடினால், குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் பெரிதும் முன்னேறுகிறது. அதே நிறுவனத்தின் எஸ்.எம். 7 வகை டைனமிக் மைக்கில்தான் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ தொகுப்பின் குரல் பதிவாயிற்று என்பதை நினைவில் கொண்டால், டைனமிக் மைக் தரக்குறைவானது என்ற எண்ணம் விலகும். ஆயினும் அதன் இன்றைய வடிவமான எஸ்.எம். 7பி மிகக் குறைந்த மின்சமிக்ஞையையே தருவதால் அதற்கு 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் தேவைப்படுகிறது; எளிய இன்டர்ஃபேஸ்களில் அந்த அளவுக்குப் போனால் இரைச்சல் தலைகாட்டும் என்பதால் கிளவுட்லிஃப்டர் போன்ற இடைப்பெருக்கியையும் சேர்த்து வாங்க நேரிடும்.

நேராகக் கணினியில் செருகும் யூ.எஸ்.பி. மைக்குகள் இணையவழி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு மிகவும் வசதியானவை. பின்னாளில் மிருதங்கத்துக்கோ வயலினுக்கோ இரண்டாவது மைக்கைச் சேர்க்க நினைப்பவருக்கு அவை முட்டுக்கட்டை.

மைக்கை வைக்கும் முறையில் மேற்கத்திய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற இயலாது, ஏனெனில் அவை நின்று பாடுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சம்மணமிட்டு அமர்ந்து பாடுபவருக்குக் குட்டையான அடிப்பகுதியும் நீட்டக்கூடிய கிடைக்கையும் கொண்ட ஸ்டாண்டே ஏற்றது. மைக்கின் தலையை வாய் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, முகத்திலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, நேருக்கு நேராக இல்லாமல் 15 முதல் 20 பாகை திருப்பி வைத்தால், பகரத்தில் வெடிக்கும் காற்று மைக்கின் ஓரமாகச் சென்றுவிடும். தெலுங்கு, சமஸ்கிருதச் சாகித்தியங்களில் மூச்சு கலந்த வல்லெழுத்துகள் மிகுதியாக வருவதால் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் பாப் ஃபில்டர் என்ற வலைத்திரையையும் வைக்க வேண்டும். தொலைவு குறையக் குறைய மைக் கீழ் ஸ்வரங்களை மிகைப்படுத்துகிறது. இது அண்மை விளைவு எனப்படும். மந்திரத்தில் இறங்கும்போது மைக்கை நோக்கிக் குனிவது மேடைப் பாடகர்களின் கைவந்த பழக்கம் என்றாலும், வீட்டுப் பதிவில் அது குரலின் நிறத்தையே இடையில் மாற்றிவிடுவதால் முதுகை நிமிர்த்தி ஒரே இடத்தில் இருப்பதே நல்லது.

இவற்றோடு, தொழில்முறைப் பதிவாளர் உடன் இல்லாத வீட்டில் எளிதில் கவனம் தப்பும் செய்தி ஒன்று உண்டு: தாளம் போடும் கை. தொடையில் விழும் ஒவ்வொரு தட்டும் கண்டென்சர் மைக்கில் மந்தமான ‘தொப்’ என்ற ஒலியாகப் பதிவாகிறது. பின்னர் மிருதங்கத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கும்போது, மிருதங்கத்தின் தட்டும் தொடையின் தட்டும் இம்மி விலகி ஒலித்துக் கேட்பவரை உறுத்தும். தொடையின் மேல் நான்காக மடித்த துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால் இது தீர்ந்துபோகிறது. வளையல்களைக் கழற்றி வைப்பதும், பட்டுப்புடவைக்குப் பதிலாகப் பருத்தி உடுத்துவதும், சாகித்திய நோட்டின் தாள்களைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்த முன்னேற்பாடுகள். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்று கண்டென்சர் மைக்கின் படலத்தில் படிந்து பொரிவது போன்ற ஓசையை உண்டாக்கக்கூடும் என்பதால், பதிவு முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸ்

மைக்கின் நுண்ணிய மின்சமிக்ஞையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருவதும், கணினியின் ஒலியை மீண்டும் ஹெட்போனுக்குக் கொண்டுவருவதும் இன்டர்ஃபேஸின் வேலை. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம் 2, ஆடியன்ட் ஐடி 4, யுனிவர்சல் ஆடியோவின் வோல்ட் வரிசை ஆகியவற்றிடையே ஒலித்தரத்தில் உள்ள வேறுபாட்டை, பாயைச் சுருட்டிவிட்டு ஜமுக்காளத்தை விரிப்பதால் வரும் வேறுபாட்டோடு ஒப்பிட முடியாது. கையில் கிடைப்பதை வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, மைக் இணைப்புகள் இரண்டு இருக்க வேண்டும்.

அளவு வைப்பதில்தான் கவனம் தேவை. எண்முறைப் பதிவில் 0 டெசிபெல் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டிய ஒலி சிதைந்தே பதிவாகும், அந்தச் சிதைவுக்கு மருந்தில்லை. 24 பிட் பதிவில், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்ற கணக்கில், ஏட்டளவில் 144 டெசிபெல் இடைவெளி கிடைப்பதால் அளவைக் குறைவாக வைப்பதில் இழப்பு ஏதுமில்லை. ஆகவே பாடகர் தம்முடைய தார ஸ்தாயிப் பஞ்சமத்தை முழுக் குரலில் பாடிப் பார்த்து, அது −10 டெசிபெலைத் தாண்டாதவாறு பெருக்கத்தை அமைத்துவிட்டு, மந்திர ஸ்தாயி எவ்வளவு சன்னமாகத் திரையில் தெரிந்தாலும் அமைப்பைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெறும் ‘ஹலோ’ சொல்லி அளவு வைப்பவர்களின் பதிவுகள் அனுபல்லவியில் சிதைவது இதனால்தான்.

ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். குறுவட்டுக்கு 44,100 முறை என்பதும் காணொளிக்கு 48,000 முறை என்பதும் வழக்கம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடன் வாசிக்கும் கலைஞர்கள் அனைவரும் அதையே பின்பற்ற வேண்டும். 44,100இல் பதிவான கோப்பைக் கணினி 48,000 எனத் தவறாகக் கொண்டு ஒலிபரப்பினால், ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் போய் நிற்கும்.

பாடும் குரல் கணினிக்குள் சென்று ஹெட்போனுக்குத் திரும்பி வருவதற்குள் ஏற்படும் தாமதம் அடுத்த சிக்கல். 48,000 மாதிரி வீதத்தில் 256 மாதிரிகளைச் சேர்த்துக் கையாளும் அமைப்பில் உள்ளே செல்வதற்கு மட்டும் 5.3 மில்லி நொடி ஆகிறது. திரும்பி வருவதையும் சேர்த்தால் இரு மடங்குக்கு மேலாகும். தலையெலும்பின் வழியே உடனே கேட்கும் குரலும் தாமதித்து வரும் குரலும் கலப்பதால் பாடகருக்குத் தம் குரலே குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கணினியைத் தவிர்த்து மைக்கின் ஒலியை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் பொத்தான் மேற்கூறிய இன்டர்ஃபேஸ்களில் இருக்கிறது; அதை அழுத்திவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

பதிவில் ‘ம்ம்ம்’ என்ற அடியொலி கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கசிவு. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. ஓசை நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரோ வீட்டின் எர்த் இணைப்போதான், மைக் அன்று.

சுருதியும் ஹெட்போனும்

சுருதிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு பாடினால் மைக்கில் குரலோடு சுருதியும் கலந்து பதிவாகும். ஒரே மூச்சில் பாடி முடித்ததை அப்படியே வெளியிடுவதாயின் இதில் குற்றமில்லை. இரண்டு முறை பாடியவற்றிலிருந்து நல்ல பகுதிகளை இணைக்க நினைத்தாலோ, இணைப்பு விழும் இடத்தில் தம்புராவின் மீட்டு வரிசை அறுபட்டு, பஞ்சமத்துக்குப் பின் மீண்டும் பஞ்சமமே ஒலிப்பது போன்ற இடறல் காதில் விழும். எனவே பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புராவையோ ஐதப்லா புரோ போன்ற செயலியையோ முதலில் தனித்தடத்தில் அரை மணி நேரத்துக்குப் பதிவு செய்துகொண்டு, அதை ஹெட்போனில் கேட்டபடி பாடுவதே முறை. ஹெட்போன் ஒவ்வாதவர்கள் ஒரு சிறு ஒலிபெருக்கியை மைக்கின் நேர் முதுகுப்புறம் வைத்து மெல்ல ஒலிக்கவிடலாம். முன்பக்கத்தை மட்டும் கேட்கும் கார்டியாய்ட் வகை மைக் அந்தத் திசையில்தான் மிகக் குறைவாக வாங்கும்.

ஹெட்போன் காதை முழுதும் மூடும் வகையாக இருக்க வேண்டும். சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ–டெக்னிகா ஏ.டி.எச். எம் 50 எக்ஸ், பையர்டைனமிக் டி.டி. 770 ஆகியவை ஸ்டுடியோக்களில் நெடுங்காலமாகப் புழங்குபவை. காதுகள் மூடப்படும்போது உள்ளிருந்து கேட்கும் தம் குரல் வீங்கித் தோன்றுவதால் பல பாடகர்களுக்குச் சுருதி நிலைகொள்வது கடினமாகிறது. ஒரு காதைத் திறந்துவிட்டு, திறந்த பக்கத்தின் ஒலியை மென்பொருளில் அணைத்துவிட்டுப் பாடினால் சுருதியும் நிற்கும், கசிவும் இராது. புளூடூத் ஹெட்போன்கள் இவ்வேலைக்கு உதவா.

மென்பொருள்

பதிவு செய்யவும் தொகுக்கவும் கலக்கவும் ஒரே இடத்தில் வசதி தரும் மென்பொருள் எண்முறை ஒலிப்பணிநிலையம் எனப்படுகிறது. 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றுவரை இலவசமாகக் கிடைக்கிறது. பாடம் பதிந்து மாணவருக்கு அனுப்ப அது தாராளமாகப் போதும். ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்குக் கேரேஜ்பேண்ட் உடன் வருகிறது. பல தடங்களில் தீவிரமாக வேலை செய்ய விரும்புபவருக்கு ரீப்பர் ஏற்றது: வின்ஆம்ப் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் நிறுவனத்திலிருந்து வரும் இது, 60 நாள் சோதனைக்குப் பிறகும் குறைந்த உரிமக் கட்டணத்தில் கிடைப்பதோடு, பழைய கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. புரோ டூல்ஸ், கியூபேஸ், லாஜிக் ஆகியவை பெரிய ஸ்டுடியோக்களின் தேவைக்கானவை. தனிப் பாடகருக்கு அவற்றால் குரல் கூடுதலாக இனிக்கப் போவதில்லை.

குரலைப் பதிந்த பின் செய்ய வேண்டிய சீரமைப்பு மிகக் குறைவே. சமனி எனப்படும் ஈக்வலைசரில், பாடகர் தொடும் மிகக் கீழான ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழேயுள்ளவற்றை வெட்டிவிட வேண்டும்: ஒரு கட்டைக்காரருக்கு 75 ஹெர்ட்ஸ் அளவிலும், ஐந்து கட்டைக்காரருக்கு 115 ஹெர்ட்ஸ் அளவிலும் வெட்டலாம். உரத்த ஒலியைத் தணித்து ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெசரை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், உச்சங்களில் 3 டெசிபெலுக்கு மேல் இறங்காமல் வைத்தால் போதும். திரைப்பாட்டு வழக்கப்படி அழுத்தினால் மந்திரமும் தாரமும் ஒரே உயரத்தில் நின்று, ஆலாபனையின் ஏற்றமே தட்டையாகிவிடும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், சபா மண்டபத்தின் சாயலைத் தரும் அளவுக்கு ஒன்றரை நொடிக்குள் இருக்கட்டும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் உரத்த பதிவுகளை −14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற சராசரி உரப்பளவுக்குத் தாமாகவே இறக்கிவிடுவதால், அதற்குமேல் உரக்கச் செய்ய முயல்வது வீண்.

சுருதி திருத்தும் மென்பொருள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆன்டரேஸ் நிறுவனத்தின் ஆட்டோ–டியூன் 1997இலும், செலமனி நிறுவனத்தின் மெலடைன் 2001இலும் வெளிவந்தன. முன்னது பாடப்பட்ட ஒலியை அருகிலுள்ள ஸ்வரத்தானத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. பின்னது ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரையில் ஒரு குமிழாக வரைந்து, கையால் நகர்த்தத் தருகிறது. இரண்டுமே வழக்கமான அமைப்பில் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகக் கொள்கின்றன. ஒரு பாகத்தை நூறாகப் பகுத்த அளவு சென்ட் எனப்படும். தம்புராவின் ஷட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் சுயம்புக் காந்தாரம் ஷட்ஜத்துக்கு 386 சென்ட் மேலே நிற்க, இம்மென்பொருள்களின் காந்தாரம் 400 சென்டில் நிற்கிறது. தம்புராவோடு இழைந்து பாடிய சங்கராபரணத்தின் காந்தாரத்தை இவ்வாறு ‘திருத்தினால்’, திருத்தத்துக்குப் பிறகுதான் அது தம்புராவோடு உரசும்.

கமகத்தில் நிலைமை இன்னும் மோசம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தின் பக்கம் வரை ஊசலாடும் அசைவே அந்த ஸ்வரம். வேகமாகத் திருத்தும் அமைப்பில் ஆட்டோ–டியூன் அந்த வளைவைப் படிக்கட்டுகளாக நறுக்கிவிடும். மெலடைன் அதை ஒரே நீண்ட குமிழாகக் காட்டி, அசைவின் சராசரியை அதன் மையமாகக் கணக்கிடுகிறது. ‘மையத்துக்கு இழு’ என்ற கட்டளையை அழுத்தினால் கமகம் மொத்தமும் மேலோ கீழோ பெயர்ந்து, பாடியவருக்கே அடையாளம் தெரியாத தோடி கிடைக்கும். கர்நாடக இசையில் இம்மென்பொருளுக்கு நியாயமான இடம் ஒன்றே: அசைவில்லாமல் நிற்கும் தார ஷட்ஜக் கார்வையின் இறுதியில் மூச்சுக் குறைந்து சில சென்ட் இறங்கியிருந்தால், அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, தம்புராவைக் கேட்டபடி காதாலேயே மேலேற்றலாம். மற்ற எல்லா இடங்களிலும் அந்தச் சங்கதியை மறுபடி பாடுவதே குறைந்த நேரத்தில் முடியும் வேலை.

மறுபடி பாடியதை இணைக்கும்போது வெட்டு, சங்கதியின் நடுவில் விழாமல், சாகித்தியத்தின் வல்லெழுத்துக்கு இம்மி முன்னால் விழ வேண்டும். அகாரத்தின் நடுவில் எவ்வளவு நயமாக இணைத்தாலும் குரலின் நிறம் மாறுவது தெரியும். இரைச்சல் நீக்கும் கருவிகளுக்கு இரைச்சலின் மாதிரி தேவைப்படுவதால், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து நொடி அசையாமல் அமர்ந்து அறையின் மௌனத்தையும் பதிந்து வைக்க வேண்டும். நீக்கும் அளவு 6 டெசிபெலைத் தாண்டினால் குரலுக்கு நீருக்கடியில் கேட்பது போன்ற தன்மை வந்துவிடும்.

பக்கவாத்தியக் கலைஞர்களுக்கு அனுப்புதல்

வயலின் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் தத்தம் வீடுகளிலிருந்து பதிந்து சேர்க்கும் முறை, கீர்த்தனைக்கும் தில்லானாவுக்கும் ஓரளவு ஒத்துவருகிறது. நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்க வேண்டியிருப்பதால் இம்முறையில் அவை உயிரற்றுப்போகின்றன. அவற்றைப் பாட விரும்புபவர் ஒரே அறையில் கூடுவதே சரி. தனித்தனியே பதிவதாயின் காலப்பிரமாணத்துக்கு மெட்ரோனோமின் ஓசையைக் காட்டிலும் பாடகரே சொல்லி வைத்த சொற்கட்டு சிறந்த வழிகாட்டி. முதல் எடுப்புக்கு முன் ஓர் ஆவர்த்தனம் தாளம் போட்டு, அதன் சமத்தில் கைதட்டல் ஒன்றைப் பதிந்துவிட்டால், எல்லாத் தடங்களையும் அந்தத் தட்டில் நேர்படுத்திக்கொள்ளலாம்.

அனுப்பும் கோப்பு வேவ் வடிவத்தில், 24 பிட்டில், தடத்தின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்குவதாக இருக்க வேண்டும். ரிவெர்ப் சேர்க்கக் கூடாது. 48,000 மாதிரி வீதத்தில் ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிப்பதால் ஒரு மணி நேரக் குரல் அரை ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும். அதை வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் சுருங்கிச் சிதைந்தே மறுமுனையில் இறங்கும் என்பதால், இணையக் கோப்புக் கிடங்கு ஒன்றில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்ப வேண்டும். கோப்பின் பெயரில் ராகம், தாளம், சுருதி, மாதிரி வீதம், எத்தனையாவது எடுப்பு என்பவை இடம்பெற வேண்டும். மூலப் பதிவின் ஒரு பிரதியைக் கணினிக்கு வெளியே தனி வட்டில் வைத்த பிறகே தொகுப்பு வேலையைத் தொடங்க வேண்டும்.